பெட்டி இழுத்த கார்

இனிமேல் காரைக்குடி வட்டாரத்தில் யார் செத்தாலும் புகையில்லாமல், சத்தமில்லாமல்தான் கிடக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் ஒரு நாள் முடிவெடுத்தார். சாகப்போகிறவர்களை அவர் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை.

எங்களுக்குக் கோவிலூரில் வாடகைக் கடை. பந்தல், நாற்காலி, பாத்திரம் எல்லாம் உண்டு. ஆனால் சோறு போடுவது பிணம் வைக்கும் ஐஸ் பெட்டிதான். கல்யாணத்துக்குப் பத்துக் கடைக்காரர்கள் போட்டி போடுவார்கள். சாவு, கேதம் என்றால் முத்தரசு கடைக்குத்தான் போன் வரும். முத்தரசு என் வீட்டுக்காரர். பெட்டியைக் கொண்டுபோய் இறக்குவதும், சடங்கு சம்பிரதாயம் பற்றி ஆண்களிடம் கருத்துச் சொல்வதும் அவர் வேலை. பெட்டியைத் துடைப்பது, வயரை மாட்டுவது, கதவைச் சும்மா சும்மா திறக்காதீர்கள் என்று அழுகிற பெண்களிடம் அழாத குறையாகச் சொல்வது, இதெல்லாம் என் வேலை. இடுப்பில் எங்கள் இரண்டு வயது மகளும் இருப்பாள். அம்மா, அப்பாவுக்கு அடுத்து அவள் சொல்லப் பழகிய வார்த்தை ‘ஐசு’. எந்த ஊருக்குப் போனாலும் பிணத்தைப் பார்த்துக் கையாட்டுவாள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

முன்பு எங்களிடம் ஒரு குட்டி யானை இருந்தது. சின்ன லோடு வண்டிதான், ஊரெல்லாம் அதற்கு அதுதான் பெயர். அதிலேயே டீசல் ஜெனரேட்டரும் ஏறிக்கொள்ளும். அந்த ஜெனரேட்டர் ஓடினால் ஒப்பாரி வைப்பவர்களுக்கே தங்கள் ஒப்பாரி கேட்காது. ஒரு கேதத்தில் மூத்த மருமகள் பாடி முடித்த வரிகளையே சின்ன மருமகள் தெரியாமல் மறுபடி பாடிவிட்டாள். மாமியாரை எடுக்கும் முன்பே இரண்டு பேருக்கும் சண்டை.

அன்றைக்குத்தான் இவர் எலெக்ட்ரிக் கார் வாங்குவது என்று முடிவு செய்தார். மதுரையில் ஒரு செகண்ட் ஹேண்ட் கார். அதிலிருந்தே கரண்டு எடுத்து ஐஸ் பெட்டியை ஓட்டலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். குட்டி யானையையும் ஜெனரேட்டரையும் அங்கேயே ஒரே ஆளிடம் தள்ளிவிட்டு காரோடு வந்து இறங்கினார்.

"ரோகிணி, இது இழுவைன்னா இழுவை. டார்க்னு ஒண்ணு இருக்கு, உனக்குத் தெரியாது. கால வச்ச அடுத்த நொடி முழு இழுப்பும் சக்கரத்துக்கு வந்துரும். நின்ன எடத்துல இருந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு ஒம்பதே நொடி."

"அம்புட்டு வேகமாப் போயி என்ன செய்யப் போறீக மாமா? நம்ம வண்டிய எதிர்பாத்துக் கெடக்குறவுகளுக்கு ஒரு அவசரமும் இல்லையே."

"ஒரு தடவை சார்ஜ் போட்டா முன்னூறு கிலோமீட்டர் ஓடும்."

"யாரு சொன்னா?"

"பொஸ்தகத்துல போட்டிருக்கு."

"பின்னாடி டிரெய்லரையும் அதுக்கு மேல பெட்டியையும் கட்டிக்கிட்டுமா போட்டிருக்கு?"

"உங்கிட்டப் போயி சொன்னேன் பாரு."

இந்தக் கார் எதையும் இழுப்பதற்காகச் செய்ததில்லை என்று விற்றவரே சொல்லித்தான் கொடுத்தார். இவர் கேட்கவில்லை. ஒரு பட்டறையில் கொண்டுபோய்ப் பின்னால் கொக்கி வைத்துப் பற்றவைத்துவிட்டார். கொக்கி கொஞ்சம் அளவு மாறிவிட்டது. டிரெய்லரை மாட்டினால் மாட்டியதுதான். கழற்ற வேண்டுமென்றால் இரண்டு ஆள், ஒரு கடப்பாரை, அரை மணி நேரம். அதனால் கார் போகிற இடமெல்லாம் டிரெய்லரும் போனது. டிரெய்லரின் இரண்டு பக்கமும் நீலப் பெயிண்டில், ‘முத்தரசு ஐஸ் பெட்டி – அழைத்தவுடன் வருவோம்’. நாங்கள் குடும்பத்தோடு சினிமாவுக்குப் போனால் தியேட்டர் வாசலில் கூட்டம் விலகி வழிவிடும்.

கார் வாங்கிய அன்று அதைப் போனில் பதிந்து கொடுத்தார்கள். வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை சதவீதம் சார்ஜ் இருக்கிறது என்று உட்கார்ந்த இடத்தில் பார்க்கலாம். இவர் போனில் அன்றைக்குச் சார்ஜ் இல்லை. அதனால் என் நம்பரைக் கொடுத்தார். பிறகு அந்த விஷயத்தையே மறந்துவிட்டார். நான் ஞாபகப்படுத்தவில்லை.

இல்லாததைச் சொல்லக் கூடாது. முதல் ஒரு மாதம் கார் நன்றாகவே ஓடியது. வீட்டில் ராத்திரி சார்ஜுக்குப் போட்டுவிட்டால் காலையில் நிறைந்திருக்கும். டீசல் வாசமில்லை. பெட்டியும் சத்தமில்லாமல் குளிர்ந்தது. ஒப்பாரி தெளிவாகக் கேட்டது. ஒன்றே ஒன்றுதான். சார்ஜ் இருபது சதவீதத்துக்குக் கீழே போனால் கார் பெட்டிக்குக் கரண்டு கொடுக்காது. தான் வீடு போய்ச் சேர அதற்கும் வேண்டுமே. என்னை மாதிரிதான்.

சித்திரை மாதம் ஒரு புதன்கிழமை நாச்சியாபுரத்திலிருந்து போன். கோட்டைச்சாமி என்பவர் விடியுமுன் இறந்துவிட்டார். ஏழு மணிக்கெல்லாம் போய்ப் பெட்டியை வைத்தோம். நல்ல ஆகிருதி. பெட்டிக்குள் தோளைச் சாய்த்துத்தான் வைக்க வேண்டியிருந்தது. அன்றைக்குப் பார்த்து அந்தப் பக்கமெல்லாம் மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்டு கிடையாது. முகூர்த்த நாள் வேறு. சுற்று வட்டாரத்து ஜெனரேட்டரெல்லாம் கல்யாண மண்டபங்களில் நின்றது.

அதைப் பற்றி இவருக்குக் கவலையே இல்லை. ஒன்பது மணிக்கு கரண்டு போனதும் காரிலிருந்து வயரை இழுத்துப் பெட்டியில் சொருகினார். பச்சை விளக்கு எரிந்தது. பந்தலில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். செத்தவரைப் பார்த்ததைவிட அதிக நேரம் காரைப் பார்த்தார்கள்.

கோட்டைச்சாமியின் மனைவி பொன்னுத்தாயி பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அழுகை இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏத்தா, சாயங்காலம் வரைக்கும் மொகம் மாறாம இருக்குமா?"

"இருக்கும் பெரியம்மா. கரண்டு இருந்தா நாளைக்கு வரைக்கும்கூட இருக்கும்."

"நாளைக்கு வேணாம். இன்னைக்குப் போதும். மகன் சிங்கப்பூர்ல இருந்து வாரான்."

மாயக்கண்ணன் ஒரே மகன். ஏழு வருஷத்துக்கு முன்பு அவன் வளர்த்த மஞ்சுவிரட்டுக் காளையை, அவன் ஊரில் இல்லாத நாளில், அப்பன் அடிமாட்டுக்காரனிடம் விற்றுவிட்டார். வந்து வெறும் கயிற்றைப் பார்த்தவன் பையை எடுத்துக்கொண்டு போனவன்தான். அம்மாவிடம் மட்டும் போனில் பேசுவான். அப்பன் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். கொடு என்று கைநீட்ட மாட்டார்.

"முந்தாநாள் அவன் போட்டோவக் காட்டச் சொன்னாரு," என்றார் பொன்னுத்தாயி. "காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம், இவன் யாருன்னு கேட்டாரு. கோவத்துல கேட்டாரா, மறதியில கேட்டாரா, எனக்கு வெளங்கல. அவன் வந்து இந்த மொகத்தப் பாத்துட்டா போதும். அப்புறம் எடுத்துட்டுப் போகட்டும்."

என் மகள் பெட்டிக்குக் கையாட்டினாள்.

பத்தரை மணிக்குப் பந்தலில் பேச்சு. மாயக்கண்ணனின் விமானம் பன்னிரண்டே முக்காலுக்குத் திருச்சியில் இறங்கும். டாக்சி பிடித்து வரச் சொல்லியிருந்தார்கள். கோட்டைச்சாமியின் பங்காளிகளில் மூத்தவர் தங்கச்சாமி. அவர் சொன்னார், "டாக்சிக்காரன் வழியில டீ குடிப்பான், சாப்பிடுவான். ரெண்டரை மணி நேரம் ஆக்கிருவான். நாலரைக்கு எடுக்கணும். இந்த வெயில்ல அதுக்கு மேல வச்சிருக்க முடியாதப்பா."

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலை எனக்குத் தெரியும்.

"எதுக்குங்கய்யா டாக்சி? நம்ம வண்டி இருக்கே. போக ஒண்ணேகால் மணி. வர ஒண்ணேகால் மணி. நானே கூட்டியாரேன்."

டாக்சியை வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். இவர் நேராக வந்து பெட்டியின் வயரில் கை வைத்தார்.

"மாமா, என்ன செய்றீக?"

"கழட்டுறேன். பெட்டி நல்லாக் குளுந்துருச்சு. கதவைத் தொறக்காம இருந்தா மூணு மணி நேரம் தாங்கும்."

"கேத வீட்டுல கதவைத் தொறக்காம இருப்பாகளா? ஒவ்வொரு ஊர்ல இருந்தும் கோடித் துணி வருது, மால வருது. வாரவுக எல்லாம் கன்னத்தத் தொட்டுத்தான் அழுவாக."

"நீ எதுக்கு இருக்க? சொல்லு."

"சரி, டிரெய்லரையாச்சும் கழட்டிட்டுப் போங்க. வெறும் வண்டியா இருந்தாத்தான் போயிட்டுத் திரும்புற வரைக்கும் தாங்கும்."

"கடப்பாரையத் தேடுறதுக்குள்ள நான் புதுக்கோட்டை போயிருவேன்."

பத்து ஐம்பதுக்குக் கார் கிளம்பியது. சத்தமே இல்லை. தெருமுனையில் ஒன்பது நொடி வித்தையைக் காட்டினார். காலி டிரெய்லர் பின்னால் குதித்துக் குதித்துப் போனது. எண்பத்தைந்து சதவீதம்.

பதினொன்றரைக்குள் கதவைப் பதினான்கு தடவை திறந்தார்கள். நான் எண்ணினேன். பொன்னுத்தாயியின் பிறந்த ஊர்க்காரர்கள் கோடி போட ஒரு தடவை. சம்பந்தி வீட்டார் மாலை போட ஒரு தடவை. அந்த மாலையை ஒதுக்கி இன்னொரு மாலை போட ஒரு தடவை. ஒரு அம்மா கண்ணாடியை ஏறிட்டே பார்க்காமல், "ஐயோ, மொகத்தக்கூடக் காட்ட மாட்டேங்குறாகளே" என்று கத்த, அதற்கு ஒரு தடவை. உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். குளிர்ச்சி போய்க்கொண்டிருந்தது. முகத்தில் கன்னத்துப் பக்கம் வேர்த்த மாதிரி ஈரம். இந்தத் தொழிலில் எனக்குப் பிடிக்காத ஈரம் அது. அதற்குப் பிறகு உதடு கறுக்கும். அதற்குப் பிறகு மூக்கில் பஞ்சை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பிறகு முகத்தை மூடிவிடச் சொல்வார்கள்.

மலையாண்டி அண்ணனுக்குப் போன் போட்டேன். எங்கள் தெருக்காரர். குட்டி யானையில் ஊர் ஊராக மீன் விற்பவர். அன்றைக்குக் குன்றக்குடிப் பக்கம் நின்றார். இருக்கிற ஐஸையெல்லாம் அள்ளிக்கொண்டு வரச் சொன்னேன். வந்தார். சணல் சாக்கில் போட்டு உடைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, கழுத்துக்கும் தோளுக்கும் இடுப்புக்கும் பக்கத்தில் அடுக்கினோம். மேலே கோடித் துணியால் மூடினேன். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. மூக்குக்குத் தெரிந்தது.

"என்னத்தா, மீன் கவுச்சி அடிக்குது?" என்றார் ஒரு கிழவர்.

பொன்னுத்தாயிதான் பதில் சொன்னார். "அடிக்கட்டும் விடுங்க. அவருக்கு மீனுன்னா உசுரு."

அன்றைக்கு முதல் முறையாக அவர் அழுதது அப்போதுதான்.

போனைப் பார்த்தேன். இருபத்தி நான்கு சதவீதம். உடனே போன் அடித்தேன்.

"எங்க மாமா இருக்கீக?"

"ஏர்போர்ட் வாசல்ல நிக்கிறேன். சொன்ன மாதிரி ஒண்ணேகால் மணி நேரத்துல வந்துட்டேன். விராலிமலைப் பக்கம் போற பஸ்ஸுக்காரன் ஒருத்தன் என்னையப் பாத்துட்டு ஓரங்கட்டிட்டான்."

"டிரெய்லர்ல எழுதியிருக்கதப் பாத்திருப்பான். சார்ஜ் எம்புட்டு இருக்கு?"

"ஏகப்பட்டது இருக்கு."

"விமானம் வர முக்கால் மணி நேரம் கெடக்கே. அதுக்குள்ள எங்கயாச்சும் சார்ஜுக்குப் போடுங்களேன்."

"டிரெய்லரோட சார்ஜ் போடுற சந்துக்குள்ள நொழைய முடியாதுடி. கேக்காத எடமில்ல." சட்டென்று நிறுத்தினார். "ஏன், சார்ஜ்தான் ஏகப்பட்டது இருக்கே. உனக்கு எதுக்கு இந்தக் கவலை?"

ஒன்றரைக்கு மாயக்கண்ணன் வெளியே வந்துவிட்டான் என்று சேதி வந்தது. ‘அழைத்தவுடன் வருவோம்’ என்று எழுதிய வண்டியைப் பார்த்து அவன் என்ன நினைத்தானோ. நான் பெட்டியின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தி மூன்று. இருபது. பதினேழு. சுற்றியிருந்த பெண்கள் நான் மாயக்கண்ணன் வருவதைத்தான் பார்க்கிறேன் என்று நினைத்தார்கள்.

"எங்க வாரான் தாயி?"

"வந்துக்கிட்டிருக்காக."

அதுவும் உண்மைதான். மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் வந்துகொண்டிருந்தார்கள்.

இரண்டரைக்கு மறுபடி போன் போட்டேன். பதினொரு சதவீதம். புதுக்கோட்டைக்கு இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர்.

"எங்க மாமா வாரீக?"

"புதுக்கோட்டையத் தாண்டிட்டேன்."

பின்னால் ஒரு குரல் கேட்டது. "அண்ணே, ஏசி போட மாட்டீங்களா? சட்டையெல்லாம் நனைஞ்சிருச்சு."

"இயற்கைக் காத்துதான் தம்பி ஒடம்புக்கு நல்லது," என்றார் இவர். அப்போது பெரிய சத்தத்தோடு ஏதோ கடந்து போனது.

"என்ன மாமா சத்தம்?"

"டிராக்டரு."

"நீங்க அத முந்துறீகளா?"

"அவன் முந்துறான். அவனுக்கு என்ன அவசரமோ."

"மாமா, நான் சொல்றதக் கேளுங்க. மலையாண்டி அண்ணன் வண்டி இங்கதான் நிக்குது. எதுக்க அனுப்பவா? பாதியில மாத்தி விட்டுருவோம்."

"மீன் வண்டியிலயா? கேத வீட்டுல அம்புட்டு ஆம்பளைக முன்னாடி சொல்லிட்டு வந்திருக்கேன். அவன் என் கார்லதான் வந்து எறங்குவான். நீ பெட்டியப் பாரு."

வைத்துவிட்டார். நான் மலையாண்டி அண்ணனைக் கூப்பிட்டேன். திருமயம் வழியாகப் புதுக்கோட்டை ரோட்டில் போய்க்கொண்டே இருங்கள், நீல எழுத்துப் போட்ட டிரெய்லர் எங்கே நிற்கிறதோ அங்கே நிறுத்துங்கள் என்றேன்.

"அது ஓடிக்கிட்டிருந்தா?"

"நீங்க போற நேரத்துக்கு ஓடாது அண்ணே."

இரண்டே முக்கால். கார் புதுக்கோட்டையில் ஒரு இடத்தில் பத்து நிமிஷம் நின்றது. சதவீதம் ஏறவில்லை. பிறகுதான் தெரிந்தது, அங்கே சார்ஜ் போடும் இடத்தில் ஏற்கெனவே ஒரு கார் நின்றிருக்கிறது. அது முடிய முக்கால் மணி. அதற்குப் பிறகு இவருக்கு முக்கால் மணி. அதற்கும் முன்னால் டிரெய்லரைக் கழற்ற கடப்பாரை. பேசாமல் கிளம்பிவிட்டார்.

இங்கே தங்கச்சாமி வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். உதட்டின் ஓரம் கறுக்கத் தொடங்கியிருந்தது. ஐஸும் பாதி தண்ணீராகிவிட்டது. நான் அடியில் துணியை வைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

"நாலேகாலுக்குக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்துருவோம்," என்றார் தங்கச்சாமி. "அதுக்குள்ள வந்தாச் சரி. வரலைன்னா மொகத்த மூடிக் கெளம்ப வேண்டியதுதான்."

பொன்னுத்தாயி யாரையும் கெஞ்சவில்லை. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மூன்றேகால். மூன்று சதவீதம். நமணசமுத்திரம் பக்கத்தில் வண்டியின் புள்ளி நின்றுவிட்டது. ஐந்து நிமிஷம் பார்த்தேன். நகரவில்லை. கொல்லைப்பக்கம் போய் நின்று போன் போட்டேன்.

"எங்க மாமா?"

"திருமயம் கோட்டை தெரியுது. ரெண்டு நிமிஷம் ஓரமா நிறுத்தியிருக்கேன். எஞ்சின் சூடாயிருச்சு."

"இந்தக் காருக்கு ஏது மாமா எஞ்சின்?"

இப்போது மலையாண்டி அண்ணன் போய் நின்றாலும் இவர் விடமாட்டார். கதவைப் பூட்டிக்கொண்டு சாவியை மடியில் வைத்துக்கொள்வார். சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று சொல்லக்கூட வேண்டாம், மீன் வண்டியில் மாயக்கண்ணனை ஏற்றிவிடுவதே இவருக்குச் சாவு. இங்கே நிஜமாகவே செத்தவர் உதடு கறுத்துக் கிடக்கிறார். நான் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"மாமா, இங்க ஒரு பெரிய சிக்கல். நீங்க இல்லாம எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

குரலில் உடனே தெம்பு வந்தது. "என்ன, சொல்லு."

"கொள்ளி வைக்கப் போற மகன், பெட்டி இழுத்த வண்டியில ஏறி ஊர் எல்லையத் தாண்டக் கூடாதாமே? பெரியவுக கேக்குறாக. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நெசமாவா மாமா? நீங்கதானே இதெல்லாம் அறிஞ்சவுக."

யாரும் கேட்கவில்லை. அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. ஆனால் பன்னிரண்டு வருஷத் தொழிலில் சடங்கு பற்றி யார் எதைக் கேட்டாலும், தெரியாது என்று இவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அந்தப் பக்கம் ஒரு லாரி போகிற சத்தம். பிறகு ஒரு நீண்ட மூச்சு.

"கேட்டுட்டாகளா? அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டு நிக்கிறேன். எல்லைக்கு முன்னாடியே எறக்கிவிடணும்னுதான் ஓரங்கட்டுனது. இல்லைன்னா நான் எதுக்கு நிக்கப் போறேன்?"

"அப்ப வேற வண்டி வேணுமே மாமா."

"ஒடனே அனுப்பு. எந்த வண்டியா இருந்தாலும் பரவாயில்ல."

"மீன் வண்டிதான் இருக்கு."

"சாஸ்திரம்னு வந்துட்டா மீனாவது, கறியாவது. அனுப்புடி."

பத்து நிமிஷத்தில் மலையாண்டி அண்ணன் அங்கே போய் நின்றார். இவ்வளவு சீக்கிரம் எப்படி என்று இவர் கேட்கவில்லை.

நாலரை ஆனது. நீர்மாலை எடுத்து வந்துவிட்டார்கள். பெட்டியைத் திறந்து உடலை வெளியே எடுத்துக் கிடத்தினார்கள். முகத்தை மூடத் துணியை விரித்தபோது தெருவில் குட்டி யானையின் சத்தம். மீன் கூடைகளுக்கு நடுவே, சிங்கப்பூர் சட்டையோடு, தலையெல்லாம் புழுதியாக மாயக்கண்ணன் இறங்கினான். கூட்டம் விலகியது. அவன் கத்தவில்லை. மண்டியிட்டு அப்பன் முகத்தையே பார்த்தான். நெற்றியில் கை வைத்தான். மீன் ஐஸின் குளிர்ச்சி இன்னும் இருந்தது.

"இளைச்சுட்டாரு," என்றான். அவ்வளவுதான்.

பொன்னுத்தாயி குனிந்து செத்தவர் காதில் பேசினார். மெதுவாகத்தான். பக்கத்திலிருந்த எனக்குக் கேட்டது.

"ஏங்க, இந்தா வந்துட்டான். இப்பவும் யாருன்னு கேக்காதீக."

என் மகள்கூட அப்போது கையாட்டவில்லை.

இவர் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வீடு வந்து சேர்ந்தார். போகிற லாரிக்காரர்கள் கயிறு கட்டி இழுத்துவிடுகிறோம் என்றார்களாம். இந்தக் காரைச் சக்கரம் உருள இழுத்தால் மோட்டார் கெட்டுவிடும், மேலே தூக்கி வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்று கம்பெனி ஆள் போனில் சொல்லிவிட்டார். பெரிய லாரி ஒன்று வந்து, கடப்பாரை போட்டு டிரெய்லரைக் கழற்றி, இரண்டையும் முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தது. தெருவே நின்று பார்த்தது. ‘அழைத்தவுடன் வருவோம்’ லாரி மேலிருந்து நன்றாகவே தெரிந்தது.

மறுநாள் காலை காரை நிறையச் சார்ஜ் போட்டு, டிரெய்லரை மறுபடி மாட்டி, பெட்டியை எடுக்க நாச்சியாபுரம் போனோம். பந்தலில் தங்கச்சாமியும் இன்னும் பத்து ஆண்களும் இருந்தார்கள். நேற்று வண்டி பாதியில் நின்றதைப் பற்றி யாரோ வாயெடுத்தார். இவர் முந்திக்கொண்டார்.

"நிக்கலங்கய்யா. நிறுத்துனேன். கொள்ளி வைக்கிற மகன் பெட்டி இழுத்த வண்டியில எல்லையத் தாண்டலாமா? நீங்க பெரியவுக, உங்களுக்குத் தெரியாததா?"

தங்கச்சாமி இவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பத்துப் பேர் தங்கச்சாமியைப் பார்த்தார்கள். அவரும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத ஆள்.

"தெரியாம என்ன?" என்றார். "எங்க பாட்டன் காலத்துலயே உண்டு. மகன் மட்டுமாப்பா? குடும்பம், புள்ளகுட்டி யாரையுமே அதுல ஏத்தக் கூடாது. நீ இந்தக் கைப்புள்ளய ஏத்திக்கிட்டுல்ல திரியுற."

இவர் முகம் மாறியது. ஆனால் தலை தானாக ஆடியது. "ஆமா. அதுவும் உண்டு."

"அந்தக் கொக்கிய அறுத்து எறிஞ்சிட்டு, பிள்ளையார்பட்டியில கொண்டுபோயித் தண்ணி தெளி. அப்புறம் குடும்பம் ஏறலாம்."

"அதைத்தான் செய்யப்போறேன்."

காரைப் பெட்டியோடு அங்கேயே விட்டுவிட்டோம். முழு சார்ஜ். கொக்கியை அறுக்க ஆள் வர மதியமாகும். நாங்கள் மூன்று பேரும் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இவர் மெதுவாக எனக்கு அந்த வழக்கத்தை விளக்கத் தொடங்கினார். பெட்டியின் தீட்டு எப்படிக் கொக்கி வழியாக வண்டிக்கு ஏறுகிறது, இரும்பு அதை எப்படிக் கடத்தும், எல்லைக் கல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம், எல்லாம் சொன்னார்.

"அப்படியா மாமா?"

"பின்ன? உனக்கு இதெல்லாம் எங்க தெரியப் போகுது."

"நீங்க சொல்லித்தானே எனக்குத் தெரியுது."

அவருக்குத் திருப்தி. மகளைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"நல்லாக் கேட்டுக்க ரோகிணி. இனிமே பெட்டிக்குத் தனி வண்டி. குட்டி யானை ஒண்ணு, ஜெனரேட்டரோட பாக்கணும். இது நானா எடுத்த முடிவு. இதுல நீ குறுக்க பேசக் கூடாது."

"பேசல மாமா," என்றேன். "மலையாண்டி அண்ணன் புது வண்டி எடுக்கப் போறாக. பழச நமக்குத்தான் தரணும்னு கார் வந்த அன்னைக்கே சொல்லி வச்சிருக்கேன்."